கஞ்சி போகாத பச்சைத் துணி

நீராவிக்கு மணம் உண்டு என்றால் யாரும் நம்புவதில்லை. வெறும் தண்ணீர்தானே என்கிறார்கள். வெந்த பருத்தித் துணி, சூடேறிய எஃகு, ரப்பர், நிலத்தடியில் கடல் உப்பு கலந்த போர்வெல் தண்ணீர் கொதிக்கும்போது எழும் ஒரு கைப்பு. இத்தனையும் சேர்ந்த அந்த மணம் என் தலைமுடியில் பல வருடம் குடியிருந்தது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளிக்க மாட்டார்கள். அது நாற்றம் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் சேலையை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். எதற்கு நகர்ந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். நானும் அவர்களைப் பார்க்காமல் வெளியே பார்ப்பேன். வெளியே கன்டெய்னர் லாரிகள், ஒன்றின் பின் ஒன்று, துறைமுகம் தங்களை உள்ளே கூப்பிடும் என்று காத்துக் கிடக்கும்.

திருவொற்றியூரில் நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு தனியார் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் எனக்கு வேலை. மேலே தியேட்டரில் ஆபரேஷன் முடிந்ததும் கத்திகளும் கத்தரிகளும் இடுக்கிகளும் வாளியில் இறங்கி வரும். மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றையும் பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, துடைத்து, துணியில் மூட்டையாகக் கட்டி, ஆட்டோகிளேவ் என்னும் பெரிய இரும்பு வயிற்றுக்குள் தள்ளி, ஆவியில் வேகவைத்து, காயவிட்டு, மறுபடி மேலே அனுப்ப வேண்டும். உயிரோடு உள்ளே போகும் எதுவும் உயிரோடு வெளியே வரக்கூடாத வயிறு அது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கூரையை ஒட்டிக் காற்றுக்காக ஒரு வென்டிலேட்டர். அது சாலையின் மட்டத்தில் இருந்ததால் அதன் வழியாக மனிதர்களின் கால்கள் மட்டும் தெரியும். ரப்பர் செருப்பு, சேறு காய்ந்த பூட்ஸ், கொலுசு. முகமே இல்லாத ஊரில் நான் வேலை பார்த்தேன்.

என்னோடு அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு ஆள். காசிமேட்டு அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள், மீனவ வீட்டுப் பெண், கணவன் கடலில் போய்த் திரும்பாதவன். ஆட்டோகிளேவ் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசிப் பழகி, அமைதியான இடத்திலும் கத்தித்தான் பேசுவாள். "வஞ்சிர மீனு செவுளு நோண்டுன கைடி இது. இந்தக் கத்தரிக்கோலு வாயில இன்னா ஒளிஞ்சிகினு கீதுன்னு எனுக்குத் தெரியாதா?" என்பாள். மத்தியானம் என் டப்பாவிலிருந்து அவள் ஒரு கை எடுப்பாள், அவள் டப்பாவிலிருந்து எனக்கு ஒரு துண்டு மீன் வரும். ஒரு நாளில் நான் வேறு யாரோடும் பேசியதாக நினைவில்லை. நல்ல நாளில்கூட அவள்தான் பேசினாள், நான் கேட்டேன்.

வீட்டில் அப்பா. நைனா என்றுதான் கூப்பிடுவேன். துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு நாங்கள் இருவர்தான். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "எம்பொண்ணு ஆபரேசன் தியேட்டர்ல கீது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். அவர்கள் ஆஸ்பத்திரியில் வந்து விசாரித்துவிட்டு, "ரத்தப் பாத்திரம் கழுவுற பொண்ணா" என்று போய்விடுவார்கள். நைனா அதை என்னிடம் சொன்னதில்லை. நானும் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொண்டதில்லை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் இப்படி ஒரு மௌனம் மூன்றாவது ஆளாக வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மழை பொய்த்து, தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஊரே குடத்தோடு ஓடிய கோடை. நைனாவுக்குச் சர்க்கரை. கொதிக்கிற தார் ரோட்டில் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தார். சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. கொப்புளம் புண்ணாகி, புண் கறுத்து, விரல்கள் ஒவ்வொன்றாகக் கரி பிடித்த மாதிரி ஆகிவிட்டன. எங்கள் மருத்துவமனை டாக்டர் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெட்டின இடம் சுத்தமா ஆறிட்டா இதோட போச்சு. சீழ் வச்சா தொடை வரைக்கும் ஏறும். அப்புறம் என் கையில இல்ல" என்றார்.

சுத்தமாக ஆற வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே சொல் அந்தச் சுத்தம்தான். அதற்காகத்தான் நான் தினமும் கீழே இறங்கிப் போனேன்.

கால் எடுக்கும் கருவி செட்டில் ஒரு ரம்பம் உண்டு. எலும்பு ரம்பம். அதன் பல்லிடுக்கில் தங்கும் தூள் ஈரப் பச்சரிசி மாவு மாதிரி இருக்கும். காய்ந்துவிட்டால் சிமென்ட். அதைத் தேய்ப்பதற்கென்றே பிரஷ்ஷின் மயிரைக் குட்டையாக வெட்டி வைத்திருந்தேன். எங்கள் போர்வெல் தண்ணீர் வேறு சும்மா இருக்காது. அலசி வைத்தால் வெள்ளைப் பொட்டு விழும், இரண்டு நாளில் இடுக்கிகளின் மூட்டில் செம்மண் நிறத்தில் துரு எட்டிப் பார்க்கும். துரு இருக்கிற இடத்தில் அழுக்கு ஒளியும். அதனால் கடைசி அலசலுக்கு லாரித் தண்ணீர் வேண்டும். அந்தக் கோடையில் எங்கள் அறைக்கு அது குடிக்கிற தண்ணீர் மாதிரி அளந்துதான் வந்தது. இவ்வளவும் தெரிந்தவளுக்கு, தன் அப்பாவுக்கான ரம்பத்தைத் தானே தேய்த்து, விளக்கில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றுதானே தோன்றும்?

ஆனால் எங்கள் இடத்தில் ஒரு வழக்கம். எங்கும் எழுதி ஒட்டியதில்லை. மேஜையில் படுப்பது நம் வீட்டு ஆள் என்றால் அந்த செட்டில் நாம் கை வைக்கக்கூடாது. தியேட்டர் பொறுப்பில் இருந்த சிஸ்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், சிரிக்காத மனுஷி. முந்தின நாளே என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"நாளைக்கு நீ கீழ இறங்கப்படாது, கேட்டியா?"

"சிஸ்டர், ரம்பம் மட்டும் நான்..."

"பயந்த கை ஒண்ணு அவசரப்படும், இல்லேன்னா வேண்டாத வேலை செய்யும். ரெண்டும் ஆகாது பிள்ளே. அவ பாத்துக்கிடுவா."

அவள் என்றால் அக்கா. அக்கா என் தோளைத் தட்டி, "நைனாவ நா பாத்துக்கறேன்டி. நீ போய் அவுரு பக்கத்துல குந்து. உன் மூஞ்சப் பாத்தாலே மிஷினு நின்னு பூடும்" என்றாள்.

அன்று மாலை வார்டில் நைனாவிடம் சொன்னேன். சுவரில் சாய்ந்து, கறுத்த காலைப் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரம் அறுக்கற மாரியே ரம்பமா?"

"சின்னது நைனா."

"நீ கழுவுனதுதான?"

"எப்பவும் நான்தான். நாளைக்கு மட்டும் இல்ல. வூட்டு ஆளுக்கு நாம தொடக்கூடாதாம்."

"கரீட்டுதான். எம்மேல கீற காண்டுல நீ மொன்ன ரம்பமா அனுப்பிட்டின்னா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் அந்தக் காலைப் பார்த்தோம். ஆயுள் முழுவதும் அந்தக் கால் வின்ச்சின் பெடலை மிதித்திருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கிய எத்தனையோ சரக்கு அதன் அழுத்தத்தில் தரை தொட்டிருக்கிறது. அதற்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது. போர்வையை அதன் மேல் இழுத்துவிட்டேன்.

மறுநாள் காலை நைனாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். முதுகில் ஊசி போடுவதற்கு முன் தியேட்டர் முன்னறையில் நிறுத்தி வைப்பார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். எத்தனையோ முறை அந்த வராந்தாவில் மூட்டைகளோடு நடந்திருக்கிறேன். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை ஒருநாளும் பார்த்ததில்லை. உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு குளிர்ந்த சிமென்ட் என்று தெரிந்தது. தரைக்குக் கீழே ஆட்டோகிளேவ் மூச்சு விடும் சத்தம் உள்ளங்காலில் வந்தது. அக்கா என் அப்பாவுக்காக வேலை செய்துகொண்டிருந்தாள்.

லிஃப்ட் திறந்தது. தியேட்டர் உதவியாள் அண்ணன் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேல் தட்டில் ஒரு மூட்டை. பார்த்த மாத்திரத்தில் எழுந்துவிட்டேன்.

எங்கள் பச்சைத் துணிகளெல்லாம் வெந்து வெந்து வெளுத்தவை. பாசி உலர்ந்த மாதிரி ஒரு நிறம். தொட்டால் வயதானவர்களின் கன்னம் மாதிரி தொளதொளவென்றிருக்கும். இந்த மூட்டை பளபளத்தது. மடிப்பெல்லாம் கத்தி முனையாக நின்றது. கடையிலிருந்து வந்த கஞ்சி விறைப்பு. சாதாரணமாகச் சுற்றுவதைவிட ஒரு சுற்று கூடுதல் வேறு. ஒட்டியிருந்த டேப்பில் கோடுகள் கறுத்திருந்தன. சூடு பட்டது என்பதற்கு அது அடையாளம். ஆனால் டேப் காட்டுவது வெளிச் சூட்டை மட்டும்தான். மூட்டையின் கீழ் மூலையில், ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு, பச்சை இன்னும் கரும்பச்சையாக இருந்தது.

ஈரம்.

துவைத்துக் கஞ்சி போக்காத புதுத் துணி ஆவியை ஒழுங்காக உள்ளே விடாது, உள்ளே போனதைக் காயவும் விடாது. ஈரமான மூட்டை என்றால் கிருமிக்குத் திறந்த கதவு. இது எங்கள் இருவருக்கும் பாலபாடம்.

"அண்ணே, நில்லுங்க. அத்த உள்ள எடுத்துனு போவாதீங்க."

"இன்னாம்மா? இன்னிக்கி நீ பேஷன்ட்டு ஆளு. ஓரமா குந்து."

"மூட்ட ஈரமா கீதுண்ணே."

"டேப்பு கறுத்துகீது, பாரு. ஏன் சும்மா பேஜாரு பண்ற? உள்ள டாக்டரு கைய கழுவிகினு நிக்கறாரு."

டிராலியின் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அப்படி ஒரு பிடி இருக்கிறது என்று அதுவரை தெரியாது. சத்தம் கேட்டு சிஸ்டர் வந்தார். புறங்கையை மூட்டையின் அடியில் வைத்தார். பிறகு ஓரமாக மேஜைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார். உள் துணி உடம்போடு ஒட்டிய மாதிரி ரம்பத்தின் மேல் ஒட்டியிருந்தது. எடுத்தபோது பல்வரிசையில் நீர்த்துளிகள் மின்னின. ரம்பம் சுத்தமாக இருந்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். நான் தேய்த்திருந்தாலும் அதைவிடச் சுத்தமாக இருந்திருக்காது.

அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். படியேறி வந்ததில் மூச்சு வாங்க நின்றாள். பிரிந்து கிடந்த மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"புச்சுத் துணி, சிஸ்டர். நேத்து ஸ்டோர்ல வந்திச்சு. அவுங்க நைனாவுக்குன்னு எடுத்து வெச்சேன். கண்டவன் ரத்தம் குட்ச்ச துணியில கட்டி அனுப்ப மனசு வர்ல."

"துவைச்சியா?"

"ஒரு தபா அலசுனேன். தண்ணி எங்க சிஸ்டர் கீது? மீதி தண்ணிய இன்ஸ்ட்ருமென்ட்டு அலச வெச்சிட்டேன். அரை பக்கெட்டுல எத்தினி தபா அலசறது?"

"ஒரு மனுஷனுக்க காலு, கேட்டியா? உனக்குத் தெரியாததா இது?"

அண்ணன் நின்றிருந்தார். இரண்டு நர்ஸுகள் நின்றிருந்தார்கள். பெஞ்சில் வேறு யாருடைய சொந்தக்காரர்களோ நிமிர்ந்து பார்த்தார்கள். அக்கா சிஸ்டரை விட்டு என் பக்கம் திரும்பினாள். அவளுடைய உரத்த குரல் அன்றைக்குத்தான் தாழ்ந்து கேட்டது, அதுவும் என்னிடம்.

"கீழ வந்து எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல? எல்லாரையும் வெச்சிகினா சொல்லுவ?"

கீழே ஓடி வரும் நேரத்தில் மூட்டை உள்ளே போயிருக்கும். இது அவளுக்கே தெரியும். இன்றைக்கு அதே வராந்தாவில் நின்றாலும் அந்தக் கம்பியைத்தான் பிடிப்பேன். ஆனால் ஒரு விசேஷத்துக்குப் புதுத் துணி எடுத்துக் கொடுத்தவளின் கையைத் தட்டிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அவளுக்கு அது விசேஷம்தான். நைனாவை அவள் ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். என்னோடு மீன் பங்கிட்டுத் தின்ற உறவுக்கு அந்த வீட்டுப் பெரியவருக்கு அவளால் செய்ய முடிந்தது அதுதான்.

வெளுத்த பழைய துணியில் செட்டைக் கட்டி மறுபடி ஏற்றினார்கள். ஆவி ஏறி, இறங்கி, காய வேண்டும். அதுவரை நைனாவை முன்னறையிலேயே வைத்திருந்தார்கள். சிஸ்டர் என்னை அவர் பக்கத்தில் நிற்க விட்டார்.

"இன்னாடி லேட்டு? ரம்பத்தைச் சாணை புடிக்க அனுப்பிக்கிறாங்களா?"

"துணி ஈரமா கீதாம் நைனா. மறுபடி காய வெக்கிறாங்க."

"குடிக்கற தண்ணிக்கே லாரி பின்னால ஓடற ஊர்ல துணி மட்டும் எப்டிடி ஈரமாச்சு?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விவரம் தெரிந்த பிறகு நான் அவர் கையைப் பிடித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை. வெளியே லாரி ஹாரன். எங்கிருந்தோ எண்ணூர்ப் பக்கத்து ரசாயனக் காற்று அந்தக் குளிர் அறைக்குள்ளும் வந்து மூக்கில் உறைத்தது.

ஆபரேஷன் நடந்தது. அவர் வெளியே வந்தபோது போர்வையின் ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகியிருந்தது.

அதன் பிறகு வந்த நாட்கள் நீளமானவை. கட்டைப் பிரித்துப் பார்க்கும்வரை எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். காலையும் மாலையும் வார்டுக்கு ஓடி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். காய்ச்சல் வந்தால் சீழ். கட்டுத் துணியில் மஞ்சள் கறை ஏறினால் சீழ். இடையில் கீழே வேலை. அக்கா என்னோடு பேசவில்லை. சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன். வாளியை என் பக்கம் நகர்த்துவாள். மூட்டையைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைப்பாள். மத்தியானம் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய்விடுவாள். இயந்திரத்தின் இரைச்சல் அத்தனை பெரியது என்று அந்த நாட்களில்தான் கேட்டேன். அதுவரை அவள் குரல் அதை மூடி வைத்திருந்தது.

கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. சிஸ்டரே செய்தார். திரையை இழுத்துவிட்டு என்னை நிற்கச் சொன்னார். கடைசிச் சுற்று பஞ்சோடு ஒட்டியிருந்தது; உப்பு நீர் ஊற்றி ஊற்றி எடுத்தார். நைனா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்தேன். கண்ணைவிட என் மூக்கைத்தான் நம்புவேன். அழுகலை எத்தனையோ வாளிகளில் சந்தித்தவள். இன்னும் குனிந்தேன்.

"இன்னாடி மோந்து பாக்குற? கருவாடா?"

ஸ்பிரிட் வாசனை. கொஞ்சம் இரும்பு மாதிரி ரத்தத்தின் வாசனை. அவ்வளவுதான். தையல் வரிசை உலர்ந்து, ஓரம் சிவக்காமல், ஒழுங்காக மூடியிருந்தது.

"நல்லாருக்கு," என்றார் சிஸ்டர். அவர் அப்படிச் சொல்லிக் கேட்டது குறைவு. "இதோட போகும்."

நைனா அப்போதும் கீழே பார்க்கவில்லை. "போனது போனதுதான?" என்றார் கூரையிடம். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கண்ணின் ஓரத்தில் கசிந்த ஈரம் காதுக்குள் போயிற்று. நான் துடைத்துவிடவில்லை. துடைத்தால் நான் பார்த்தது அவருக்குத் தெரிந்துவிடும்.

கீழே போனேன். அக்கா தொட்டியில் குனிந்து ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தாள். முதுகைத்தான் காட்டினாள். நான் பேசுவதற்குள் பிரஷ் சத்தம் நின்றது.

"பிர்ச்சாங்களா?"

"பிர்ச்சாங்கக்கா."

"சீழு?"

"இல்ல. காஞ்சிகீது."

"மெய்யாலுமே?"

"நானே மோந்து பாத்தேன்."

பிரஷ் மறுபடி ஓடத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக. "மாதாவே," என்றாள் தொட்டிக்குள். எனக்குச் சொன்னதில்லை. அவள் திரும்பவில்லை. மத்தியானம் எப்போதும்போல டப்பாவை எடுத்துக்கொண்டு படிக்கு அடியில் போனாள்.

நான் என்னுடையதை எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஏறினேன். நைனா தூங்கிக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்து, பல நாள் கழித்து ஆழமாக. பக்கத்தில் ஸ்டூல் இல்லை. யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். கட்டிலின் கீழ்ப்பக்கம், இடது கால் இருந்திருக்க வேண்டிய பக்கத்தில், ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. அங்கே உட்கார்ந்து, அவர் எழுந்துவிடாமல் மெதுவாக, டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன்.